கிறிஸ்தவர் பலத்தைப் பயன்படுத்தலாமா: நிலைப்பாட்டை ஆராய்ந்து அமைத்துக்கொள்ளும் முறை

வன்முறையின் முன்னே ஒரு கிறிஸ்தவர் என்ன செய்யவேண்டும் என்ற பேச்சு எழுந்தால், ஒரு சாரார் மறு கன்னத்தைத் திருப்பிக்கொடுக்கச் சொன்ன வசனத்தையும், இன்னொரு சாரார் பட்டயம் (வாள்) இல்லாதவன் தன் வஸ்திரத்தை விற்றாவது ஒன்றை வாங்கவேண்டும் என்ற வசனத்தையும் எடுத்து முன்வைப்பார்கள். இரண்டும் இயேசு சொன்னவையாகவே சுவிசேஷங்களில் இருப்பதால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். வரும்போது கொண்டுவந்த கருத்தையே எடுத்துக்கொண்டு அவரவர் திரும்புவார்கள்.

தனியாகவோ ஒரு சிறு வேதபாடக் குழுவாகவோ அந்த இடத்தைத் தாண்டிச் செல்ல விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. எந்த முடிவுக்கு வரவேண்டும் என்று இது சொல்லாது. ஏனெனில் வேதத்தை நேர்மையாக வாசித்தவர்களே இருபது நூற்றாண்டுகளாக வெவ்வேறு முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் எந்த முடிவாக இருந்தாலும் அதை ஆபத்து நேரும் நாளுக்கு முன்பே எட்டியிருக்கவேண்டும். அந்த நாளில் ஆராய நேரம் இராது. பயமும் கோபமும்தான் முடிவெடுக்கும்.

கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"கிறிஸ்தவர் பலத்தைப் பயன்படுத்தலாமா" என்பது ஒரே கேள்வியைப் போலத் தோன்றினாலும், அதற்குள் குறைந்தது நான்கு கேள்விகள் கலந்திருக்கின்றன. என்னை ஒருவர் அவமதிக்கும்போதோ என் உடைமையைப் பறிக்கும்போதோ நான் திருப்பித் தாக்கலாமா என்பது முதலாவது. என் உயிரைப் பறிக்க வருகிறவரைப் பலத்தால் தடுக்கலாமா என்பது இரண்டாவது. என் பொறுப்பில் இருக்கும் குழந்தையை, அல்லது என் கண்முன்னே தாக்கப்படும் ஓர் அந்நியரைக் காப்பதற்காக அதைச் செய்யலாமா என்பது மூன்றாவது. காவலராகவோ படைவீரராகவோ அரசின் பெயரால் ஆயுதம் ஏந்தலாமா என்பது நான்காவது.

இந்த நான்கையும் ஒரு தாளில் தனித்தனியாக எழுதி, எந்த வசனத்தையும் திறந்து பார்ப்பதற்கு முன்னரே, இப்போது உங்கள் மனம் சொல்லும் பதிலை ஒவ்வொன்றின் கீழும் குறித்துவிடுங்கள். குழுவாகச் செய்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் இருப்பது நல்லது. நான்குக்கும் ஒரே பதிலை எழுதியவர்கள் பெரும்பாலும் மிகச் சிலராகவே இருப்பார்கள். தங்களை அகிம்சைவாதிகள் என்று எண்ணியிருந்தவர்கள் மூன்றாவது கேள்வியிலும், தற்காப்பு உரிமையை உறுதியாகப் பேசுகிறவர்கள் முதல் கேள்வியிலும் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படும். ஒவ்வொரு பதிலிலும் பலத்தின் அளவையும் சேர்த்துக் குறிக்கவேண்டும்: பிடித்து நிறுத்துவது, தள்ளிவிட்டு ஓடுவது, காயப்படுத்துவது, கொல்வது ஆகியவை ஒன்றல்ல. ஒருவரை இறுகப் பிடித்து அடக்குவதை ஏற்று, கொல்வதை மட்டும் எக்காரணத்திற்காகவும் மறுப்பவர்கள் பலர் உண்டு.

வசனங்களை எதிரெதிரே வைத்து வாசியுங்கள்

இப்பகுதிக்கு ஒரே ஒரு விதியைப் பின்பற்றினால் போதும்: உங்கள் கருத்துக்கு ஆதரவான வசனத்தை எடுக்கும்போதெல்லாம், அதற்கு எதிராக நிற்கும் வசனத்தையும் எடுத்து, அதை ஏற்காதவர் அதை எப்படி வாசிக்கிறார் என்று அவருடைய வாயிலிருந்தே கேட்கவேண்டும்.

மத்தேயு 5:38–48இலிருந்து தொடங்குங்கள். அங்கே இயேசு காட்டும் உதாரணங்கள் வலது கன்னத்தில் விழும் அறை, வழக்காடி அங்கியைப் பறிப்பது, ஒரு மைல் தூரம் வரச்சொல்லிப் பலவந்தம்பண்ணுவது ஆகியவை. இவற்றில் எதுவும் கொலை முயற்சியன்று. எல்லாமே அவமானமும் சுரண்டலும்தான். ஆகவே இந்தப் பகுதி முதல் கேள்விக்குத் தெளிவாகவும், இரண்டாவதற்கு மறைமுகமாகவும் பதில் தருகிறது என்பது தற்காப்பை ஏற்பவர்களின் வாசிப்பு. அதற்கு மறுதரப்பு சொல்லும் பதிலும் வலுவானது: அடுத்த வரிகளிலேயே சத்துருவை நேசிக்கும் கட்டளை வருகிறது, அதைச் சொன்னவர் கொல்லப்பட வந்தபோதும் அப்படியே நடந்துகொண்டார், எனவே சிறிய உதாரணங்களைக் காட்டி அந்தப் பெரிய கட்டளையைக் குறுக்கிவிட முடியாது. இந்த இரண்டு வாசிப்புகளையும் அருகருகே எழுதிக்கொள்ளுங்கள். அத்துடன் யோவான் 18:22–23ஐயும் சேருங்கள். பிரதான ஆசாரியனுக்கு முன்பாகச் சேவகன் ஒருவன் இயேசுவை அறைந்தபோது, அவர் திருப்பி அடிக்கவுமில்லை, பேசாமல் நிற்கவுமில்லை. தாம் சொன்னதில் தவறு இருந்தால் அதைக் காட்டும்படியும், இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்றும் கேட்டார். அறையப்பட்டவர் அநீதியை அநீதி என்று சொல்லக்கூடாது என்ற எண்ணத்திற்கு இந்த நிகழ்ச்சி இடமளிப்பதில்லை.

அடுத்து, இரண்டு தரப்பும் அளவுக்கு மீறிச் சுமையேற்றும் வசனங்களை அடையாளம் காணவேண்டும். லூக்கா 22:36 இவற்றுள் முதன்மையானது. பட்டயம் வாங்கச் சொன்னவர், இரண்டு பட்டயங்கள் இருக்கின்றன என்று சீஷர்கள் காட்டியவுடன் போதும் என்கிறார். ஒரு கூட்டத்தின் பாதுகாப்புக்கு இரண்டு பட்டயங்கள் எந்தக் கணக்கிலும் போதாது. இடையில் வரும் 37ஆம் வசனம், அவர் அக்கிரமக்காரரில் ஒருவராக எண்ணப்பட்டார் என்ற ஏசாயாவின் வாக்கு நிறைவேறவேண்டும் என்கிறது; அதே இரவில் ஒருவன் பட்டயத்தை வீசியதும் இயேசு அதை நிறுத்தி, வெட்டுண்ட காதைத் தொட்டுக் குணமாக்குகிறார். இதைத் தற்காப்புக்கான அனுமதிச் சீட்டாகக் காட்டுவது எளிதன்று. ஆனால் அவருடன் நெடுநாள் நடந்த சீஷர்களிடம் அந்த இரவிலும் பட்டயங்கள் இருந்தன, அதற்காக அவர் அவர்களைக் கடிந்துகொண்டதாக எங்கும் சொல்லப்படவில்லை என்பதையும் நேர்மையானவர் குறித்துக்கொள்வார்.

தேவாலயத்தில் இயேசு கயிற்றுச் சவுக்கை எடுத்த நிகழ்ச்சியையும், போர்ச்சேவகர்களையும் நூற்றுக்கு அதிபதிகள் என்ற ரோமப் படைத்தலைவர்களையும் பற்றிய பகுதிகளையும் இதே கவனத்துடன் அணுகுங்கள். சவுக்கைப் பற்றிச் சொல்லும் யோவான் 2:15, ஆடுமாடுகளையும் சேர்த்துச் சொல்கிறது. யாரேனும் காயமுற்றதாகச் சொல்லவில்லை. யோவான் ஸ்நானகனிடம் வந்த போர்ச்சேவகர்களுக்கு, ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமலும் பொய்க் குற்றம் சாட்டாமலும் சம்பளத்தோடு நிறைவாக இருக்கும்படி அறிவுரை கிடைத்தது. பணியை விட்டுவிடும்படி அவர் சொல்லவில்லை. நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவுக்கும் பேதுரு அப்படிச் சொன்னதாகக் குறிப்பு இல்லை. சொல்லப்படாததிலிருந்து எடுக்கப்படும் வாதம் என்பதால் அதன் மேல் மிகப் பெரிய கட்டடத்தை எழுப்பக்கூடாது. அதே வேளையில் அதை இல்லாததுபோல் ஒதுக்கவும் கூடாது.

நேரத்தை அதிகமாகச் செலவிடத் தகுந்த பகுதி ரோமர் 12, 13 ஆகிய அதிகாரங்கள். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை என்பதால், 12:14 முதல் 13:10 வரை இடைவெளியின்றி ஒரே மூச்சில் வாசிக்கவேண்டும். பழிவாங்காமல் தேவனுடைய கோபத்திற்கு இடங்கொடுங்கள் என்று சொன்ன பவுல், சில வரிகளுக்குப் பின், அதிகாரி பட்டயத்தை விருதாவாய் (வீணாக)ப் பிடித்திருக்கவில்லை, அவன் தேவனுடைய ஊழியக்காரன் என்கிறார். தனிமனிதருக்கு மறுக்கப்பட்டது பொது அதிகாரிக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, ஒரே மனிதர் வீட்டில் பழிவாங்காதவராகவும் பணியில் தண்டிக்கிறவராகவும் இருக்கலாம் என்பது ஒரு வாசிப்பு. ஏசாயா 10இல் அசீரியாவைத் தம் கோபத்தின் கோலாகப் பயன்படுத்திவிட்டு அதையே நியாயந்தீர்க்கும் தேவன், அரசின் பட்டயத்தையும் அவ்விதமாகவே பயன்படுத்துகிறார், ஆகவே 12ஆம் அதிகாரத்தின்படி நடக்கிறவர் 13ஆம் அதிகாரத்தின் பட்டயத்தைக் கையில் எடுக்க முடியாது என்பது மற்ற வாசிப்பு. கிறிஸ்தவ உலகின் பெரும் பிளவு இந்த இரண்டுக்கும் இடையில்தான் ஓடுகிறது.

பழைய ஏற்பாட்டிலிருந்து யுத்த வரலாறுகளை அடுக்கிக்கொண்டே போவதைவிட, யாத்திராகமம் 22:2–3ஐ நிதானமாக வாசிப்பது பயன் தரும். கன்னமிடும், அதாவது சுவரைத் துளைத்து வீட்டுக்குள் நுழையும், திருடன் இருளில் அடிபட்டுச் செத்தால் அடித்தவன்மேல் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்தபின் அது நடந்தால் இரத்தப்பழி உண்டு. வந்தவனின் நோக்கம் என்னவென்று அறிய முடியாத இருளில் உயிரச்சம் நியாயமானது. வெளிச்சத்தில் அவன் வெறும் திருடன் என்று தெரிந்தபின், பொருளுக்காக அவன் உயிரை எடுக்கக்கூடாது. கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளைக்கு இரண்டே அதிகாரங்களுக்குப் பின் வரும் இந்தச் சட்டம், தற்காப்பு உரிமையை ஏற்கும் அதே மூச்சில் அதற்கு வேலியும் போடுகிறது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களிடம் இரண்டாம் பாதியையும் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள்.

முதல் நூற்றாண்டுகளைக் கேளுங்கள்

ஆதித் திருச்சபை முழுவதும் அகிம்சையைப் பின்பற்றியது, கிறிஸ்தவத்தை ஆதரித்த ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வந்து எல்லாவற்றையும் கெடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது, மிகையும் இருக்கிறது. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், பேதுருவின் கையிலிருந்த ஆயுதத்தை நீக்கியபோது ஆண்டவர் எல்லாப் படைவீரர்களின் ஆயுதங்களையும் நீக்கிவிட்டார் என்று எழுதினார். ஆனால் அவரே அதற்கு முன், ஏறத்தாழ 197இல், கிறிஸ்தவர்கள் ரோமப் பாளையங்களிலும் நிறைந்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். 248ஐ ஒட்டிய காலத்தில் இறையியலாளர் ஓரிஜென், கிறிஸ்தவர்கள் பேரரசருக்காக ஆயுதம் ஏந்தாமல் ஜெபத்தின் மூலமே உதவுகிறார்கள் என்று வாதிட்டார். 295இல் வட ஆப்பிரிக்காவின் நுமிதியாவில் மக்சிமிலியன் என்ற 21 வயது இளைஞர் படையில் சேர மறுத்துக் கொல்லப்பட்டார். பேரரசர்களின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே என்று அதிகாரி கேட்டபோது, அவர்களுக்குத் தகுந்தது அவர்களுக்குத் தெரியும், நான் கிறிஸ்தவன், தீமை செய்ய என்னால் இயலாது என்று அவர் பதில் சொன்னதாக அவருடைய விசாரணைக் குறிப்பு கூறுகிறது. எழுதியவர்களில் பெரும்பாலோர் மறுத்தார்கள், நடைமுறையில் படையிலும் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பதே அந்தக் காலத்தின் சித்திரம்.

4ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்ததுதான் இன்றைய வாசகருக்கு மிகவும் வியப்பளிக்கும். மிலான் பேராயர் அம்புரோஸும், அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற அகஸ்டினும், அரசு நியாயமான காரணத்திற்காக நடத்தும் போரை ஏற்றுக்கொண்டார்கள்; ஆனால் தனிமனிதர் தம் சொந்த உயிரைக் காக்கப் பிறரைக் கொல்வதை ஏற்கவில்லை. ஆயுதம் ஏந்திய கொள்ளையன் தாக்கினாலும் கிறிஸ்தவன் திருப்பி அடிக்கக்கூடாது என்றார் அம்புரோஸ். படைவீரராகவோ பொதுப்பணியில் உள்ளவராகவோ இருந்து பிறருக்காகச் செய்தாலன்றி, தான் கொல்லப்படாதிருக்க மற்றவரைக் கொல்லலாம் என்பதில் தமக்கு உடன்பாடில்லை என்று அகஸ்டின் ஒரு கடிதத்தில் பதிலளித்தார். இன்று பலர் இதற்கு நேர்மாறாக, தற்காப்பு எனக்கு உரிமை, போர்தான் கேள்விக்குரியது என்று எண்ணுகிறார்கள். அகஸ்டினின் தர்க்கத்தில் மையமாக நின்றது அன்பு. அயலானைக் காக்க அன்பு கையை உயர்த்தலாம். தன்னைக் காக்க உயரும் கையில் தன்னலம் கலந்துவிடுகிறது. போரில் உண்மையான தீமை எது என்று கேட்டு, சாவைவிட, கொடுமையில் இன்பம் காண்பதையும் பழிவெறியையும் ஆளும் வேட்கையையும் அவர் சுட்டினார். உங்கள் தாளின் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளை மறுபடியும் எடுத்து, இந்த வாதத்தின் வெளிச்சத்தில் உங்கள் பதில்களைச் சோதித்துப் பாருங்கள். நான் படித்தவற்றுள் இந்தச் சிக்கலைத் திறக்கும் வாதம் இதைவிட வேறொன்றில்லை. இதன் முடிவை ஏற்காதவர்களும்கூட இதனால் தெளிவு பெறுவார்கள்.

அதே நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியு, போரில் கொல்வதை முன்னோர் கொலையாகக் கருதவில்லை என்று ஒப்புக்கொண்டும், கைகள் சுத்தமாயில்லாதபடியால் அப்படிக் கொன்றவர்கள் மூன்று ஆண்டுகள் நற்கருணையை விட்டு விலகியிருப்பது நல்லது என்று ஆலோசனை கூறினார். அனுமதிக்கப்பட்ட செயலும் துக்கத்துக்குரியதே என்ற இந்த உணர்வு பிற்காலத்தில், குறிப்பாக 1095இல் தொடங்கிய சிலுவைப் போர்களில், முற்றிலும் தலைகீழாகி, கொல்வதே தவச்செயலாகப் போதிக்கப்பட்டது. தற்காப்பையோ போரையோ ஏற்கும் எவரும் அந்தச் சரிவை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

தற்காப்பை ஏற்கிறீர்கள் என்றால்

தனிமனிதர் தற்காப்புக்கு மேற்கத்தியத் திருச்சபையில் உறுதியான இடம் கொடுத்தவர் 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ். ஒரு செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம்: தன் உயிரைக் காப்பது நோக்கம், தாக்குகிறவன் இறப்பது நோக்கத்திற்கு அப்பாற்பட்ட விளைவு. அப்படியானால் அந்தச் செயல் தவறன்று. ஆனால் தேவைக்கு மேல் பலத்தைப் பயன்படுத்தினால் அது தவறாகிவிடும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இன்றும் இதையே பின்பற்றி, பிறர் உயிருக்குப் பொறுப்பானவருக்குத் தற்காப்பு உரிமையாக மட்டுமன்றிக் கடும் கடமையாகவும் ஆகலாம் என்கிறது. பிரெஸ்பிட்டேரியன் சபைகள் பின்பற்றும் வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடையும் அவசியமான தற்காப்பைக் கொலைக் கட்டளையிலிருந்து விலக்கி வைக்கிறது.

இதை உங்கள் நிலைப்பாடாகக் கொள்வீர்களானால், "தேவைக்கு மேல் இல்லாமல்" என்பதை விரிவாக எழுதிவையுங்கள். ஆபத்து இப்போதே நேர்கிறதா, அல்லது நேரலாம் என்ற ஊகமா? விலகிச் செல்லவோ உதவிக்கு அழைக்கவோ வழி இருக்கிறதா? தாக்குதல் நின்ற கணத்தில் என் கையும் நிற்குமா? விழுந்து கிடப்பவருக்கு மருத்துவ உதவி வரவழைப்பேனா, அதிகாரிகளிடம் நடந்ததை முழுமையாகச் சொல்வேனா? ஓடுகிறவனைத் துரத்திச் சென்று அடிப்பது தற்காப்பு ஆகாது, அது பழி. நீங்கள் வாழும் நாட்டின் சட்டம் தற்காப்புக்கு என்ன எல்லை வகுத்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளவேண்டும். மனச்சாட்சி அனுமதிப்பதைச் சட்டம் அனுமதிக்காமலும், சட்டம் அனுமதிப்பதை மனச்சாட்சி அனுமதிக்காமலும் இருக்கக்கூடும்.

ஆயுதம் வைத்திருப்பது தனிக் கேள்வி. தற்காப்பை ஏற்பதனால் ஆயுதம் வைத்திருப்பதும் தானாக நியாயமாகிவிடாது. வீட்டிலுள்ள குழந்தைகள், மனச்சோர்வில் இருப்பவர்கள், கோபத்தில் நம்முடைய சொந்த நிதானம் ஆகியவற்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பின்னாளில் அகிம்சைப் போராட்டத்தின் அடையாளமான அமெரிக்கப் போதகர் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் 1956இல் குண்டு வீசப்பட்டபின், அவர் துப்பாக்கி வைத்திருக்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தார், அது மறுக்கப்பட்டது. ஆயுதத்தைக் கைவிடும் உறுதி அவருக்கும் பிறகு படிப்படியாகவே வந்தது.

துன்புறுத்தப்படுகிறவரிடம் பேசும்போது

இங்கே நான் நடுநிலையாக எழுதப்போவதில்லை. வீட்டுக்குள் அடிபடும் மனைவியிடமோ பிள்ளையிடமோ மறு கன்னத்தைக் காட்டும்படி ஆலோசனை சொல்வது வேதத்தைத் துர்ப்பிரயோகம் செய்வதாகும். தன் கன்னத்தைப் பற்றித் தானே எடுக்கவேண்டிய முடிவை, அடிபடாத ஒருவர் அடிபடுகிறவர்மேல் சுமத்துகிறார். அடிக்கிறவனுக்கோ எந்தச் சுமையும் இல்லை. அகிம்சையை முழுமையாக ஏற்பவர்களும் இந்த ஆலோசனையைத் தரவேண்டிய அவசியம் இல்லை, ஏனெனில் தப்பிச் செல்வதும் முறையிடுவதும் வன்முறையல்ல.

பவுலின் வாழ்க்கையை எடுத்துக்காட்டுங்கள். தமஸ்குவில் அவரைக் கொல்லக் காத்திருந்தபோது கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிடப்பட்டுத் தப்பினார். வாரினால் அடிக்கக் கட்டியபோது, விசாரியாமல் ரோமனை அடிக்கலாமா என்று சட்டத்தைக் காட்டிக் கேட்டார். தம்மைக் கொல்லச் சதி நடக்கிறது என்று சகோதரியின் மகன் மூலம் அறிந்தவுடன் சேனாபதிக்குச் செய்தி அனுப்பினார். 200 காலாட்களும் 70 குதிரைவீரரும் 200 ஈட்டிக்காரரும் காவலாக வர, இரவோடிரவாக அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டார். பழிவாங்காதீர்கள் என்று எழுதிய அதே மனிதர் இவற்றையெல்லாம் செய்தார். ஆபத்தில் இருப்பவர் பாதுகாப்பான இடத்திற்குச் செல்வதற்கும், காவல்துறையிடம் புகார் கொடுப்பதற்கும், நீதிமன்றத்தின் பாதுகாப்பைக் கோருவதற்கும் சபை துணைநிற்கவேண்டும். மன்னிப்பைப் பற்றிய பேச்சைப் பாதுகாப்பு உறுதியானபின் வைத்துக்கொள்ளலாம், அதுவும் துன்புற்றவர் விரும்பினால்.

பலத்தை மறுக்கிறீர்கள் என்றால்

1527இல் ஷ்லைத்ஹைமில் கூடிய அனாபாப்திஸ்துகள் (குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத சீர்திருத்தப் பிரிவினர்), பட்டயம் கிறிஸ்துவின் பூரணத்திற்கு வெளியே தேவனால் நியமிக்கப்பட்டது, அதாவது அது உலக அரசுக்கு உரியது, கிறிஸ்துவைப் பின்பற்றுவோருக்கு உரியதன்று என்று அறிக்கையிட்டார்கள். அதை வரைந்த மைக்கேல் சாட்லர் அதே ஆண்டில் எரித்துக் கொல்லப்பட்டார். மெனோனைட்டுகள், குவேக்கர்கள், பிரெதரன் சபையார் ஆகியோர் இந்தப் பாதையில் இன்றும் நடக்கிறார்கள். 1569இல் நெதர்லாந்தில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் சிறையிலிருந்து தப்பி உறைந்த நீர்நிலையைக் கடந்தபோது, துரத்தியவன் பனிக்கட்டி உடைந்து மூழ்கத் தொடங்கினான். அவர் திரும்பிவந்து அவனைக் காப்பாற்றினார், பிடிபட்டார், எரிக்கப்பட்டார். அகிம்சை வெற்றி தரும் உத்தி என்று யாரேனும் எளிதாகச் சொன்னால் இந்த நிகழ்ச்சியை நினைவுபடுத்துங்கள். அவருக்கு அது வெற்றி தரவில்லை.

இந்த நிலைப்பாட்டை ஏற்பவர் மூன்றாவது கேள்வியிலிருந்து நழுவக்கூடாது. "உன் குடும்பத்தாரைக் கொல்ல வந்தால் என்ன செய்வாய்" என்ற கேள்வி, கொல்வது அல்லது கைகட்டி நிற்பது என்ற இரண்டே வழிகள் உண்டு என்றும், என் அடி தவறாமல் பயன் தரும் என்றும் முன்கூட்டியே எண்ணிக்கொள்கிறது. அதைச் சுட்டிக்காட்டுவது நியாயம். ஆனால் சுட்டிக்காட்டியபின் பதிலும் சொல்லவேண்டும். நடுவில் பாய்ந்து நிற்பேனா? பிடித்து அடக்குவேனா? ஆயுதம் ஏந்திய காவலரை அழைப்பேனா, அழைத்தால் நான் செய்ய மறுத்ததைப் பிறர் கையால் செய்விக்கிறேனா? போருக்குச் செல்லும் வரிப்பணத்தைச் செலுத்துவேனா? இக்கேள்விகளில் அகிம்சைவாதிகளே ஒருவருக்கொருவர் வேறுபடுகிறார்கள்.

எல்லைகள் எவ்வளவு வேறுபடலாம் என்பதற்கு இரண்டாம் உலகப் போர் நல்ல பாடம். பிரான்சின் லெ ஷாம்போன் கிராமத்தில் போதகர் ஆந்திரே த்ரோக்மேயும் அவருடைய சபையாரும் ஆயுதம் தொடாமல், யூதர்கள் உட்பட ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு அடைக்கலம் தந்தார்கள். அதற்குத் துணிவும் போலி ஆவணங்களும் தேவைப்பட்டன. டெஸ்மண்ட் டாஸ் என்ற அட்வென்டிஸ்டு சீருடை அணிந்து மருத்துவப் பணியாளராகச் சென்றார், துப்பாக்கியைத் தொட மறுத்தார், 1945இல் ஒகினாவாவில் ஏறத்தாழ 75 பேரைக் காப்பாற்றியவராக மதிக்கப்படுகிறார். இருவரும் மறுத்தவர்களே; ஆனால் ஒருவர் படைக்கு வெளியிலும் மற்றவர் படைக்குள்ளும் நின்றார்கள். இருவருமே பலத்தை மறுத்ததற்கு ஈடாகத் தம்மை ஆபத்துக்குள் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தமக்கு ஒன்றும் நேராத இடத்தில் இருந்துகொண்டு சொல்லப்படும் அகிம்சையை யாரும் நம்புவதில்லை, நம்பவும் தேவையில்லை.

அரசு, காவல், போர்

பெரும்பாலான சபைகளின் அறிக்கைகள் நான்காவது கேள்விக்கு ஆம் என்கின்றன. லூத்தரன் சபையின் 1530இன் அவுக்ஸ்பர்க் அறிக்கையின் 16ஆம் பிரிவும், ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரிவுகளில் 37ஆவதும் கிறிஸ்தவர் ஆயுதம் ஏந்திப் பணியாற்றலாம் என்கின்றன. உங்கள் சபையின் அறிக்கை என்ன சொல்கிறது என்று தேடிப் பாருங்கள். பலர் தம் வாழ்நாளில் அதைத் திறந்ததே இல்லை.

ஆனால் நியாயமான போர் என்ற கோட்பாடு எல்லாப் போருக்கும் ஆசி வழங்குவதற்காக எழுந்ததன்று. அக்வினாஸ் மூன்று நிபந்தனைகள் வைத்தார்: உரிய அதிகாரம், நியாயமான காரணம், சரியான நோக்கம். பின்னால் வந்தவர்கள் மற்ற வழிகள் எல்லாம் அடைபட்டிருக்கவேண்டும், விளையும் தீமை நீக்கப்படும் தீமையைவிடப் பெரிதாகக்கூடாது, வெற்றிக்கு நியாயமான வாய்ப்பு இருக்கவேண்டும், போரிடாத மக்களை இலக்காக்கக்கூடாது என்பவற்றைச் சேர்த்தார்கள். இந்த அளவுகோலால் எந்தப் போரையாவது தவறென்று நீங்கள் ஒருமுறையேனும் தீர்மானித்ததுண்டா என்று உங்களையே கேளுங்கள். அதிலும் உங்கள் சொந்த நாடு வென்ற ஒரு போரை எடுத்துச் சோதியுங்கள். ஒருபோதும் இல்லை என்று சொல்லாத அளவுகோல் எதையும் அளப்பதில்லை. படைவீரர் பணியை ஆதரித்த மார்ட்டின் லூத்தரே, தன் அதிபதியின் போர் அநியாயமானது என்று நிச்சயமாகத் தெரிந்தால் வீரன் அதில் போரிடக்கூடாது என்று 1526இல் எழுதினார். ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர் முழு அகிம்சைவாதி அல்லர். ஹிட்லரின் போர் அநியாயம் என்று கண்டு அதில் போரிட மறுத்தார், 1943 ஆகஸ்டு 9 அன்று கொல்லப்பட்டார், 2007இல் அருளாளராக அறிவிக்கப்பட்டார். இந்தப் போர் கூடாது என்று மறுப்பதற்கு எந்தப் போரும் கூடாது என்று நம்பவேண்டியதில்லை. அணு ஆயுதங்களின் காலத்தில் அந்த நிபந்தனைகளை நிறைவேற்றுவது மேலும் கடினமாகியிருக்கிறது. 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் இதை வெளிப்படையாகவே சொன்னார்.

இவ்விடத்தில் ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபரின் பெயர் தவறாமல் எழும். சமாதானத்திற்காக வாதாடிய அவர், ஹிட்லரைக் கொல்லும் சதியில் ஈடுபட்டிருந்த வட்டத்தில் சேர்ந்து, 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். தம் செயலைக் குற்றமற்றது என்று நியாயப்படுத்தாமல், பிறருக்காகக் குற்றத்தைச் சுமக்கும் பொறுப்பைப் பற்றியே அவர் எழுதினார். எனவே அவரைச் சான்றாகக் காட்டுகிறவர் அந்தச் சுமையையும் சேர்த்தே காட்டவேண்டும்.

எழுதுவதும் பேசுவதும்

இப்போது முதல் தாளை எடுத்து, நான்கு பதில்களையும் திருத்தி எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே, உங்களுக்கு மிகவும் கடினமாக இருக்கும் எதிர்வசனத்தையும், உங்கள் நிலைப்பாடு தவறாக இருந்தால் யார் பாதிக்கப்படுவார் என்பதையும் எழுதவேண்டும். பலத்தை மறுப்பவருக்குப் பதில் பெரும்பாலும் காக்கப்படாத அயலாராகவும், ஏற்பவருக்கு அவசரத்திலோ தவறான ஊகத்திலோ கொல்லப்பட்டவராகவும் இருக்கும். அந்தப் பெயரில்லாத மனிதரைத் தாளில் எழுதிப் பார்க்காத நிலைப்பாடு இன்னும் முழுமையாகவில்லை.

குழுவில் பேசும்போது, அங்கே படையிலோ காவலிலோ பணியாற்றியவரும், வன்முறைக்கு ஆளானவரும், அதில் உறவினரை இழந்தவரும் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை நடத்துபவர் முன்கூட்டியே எண்ணவேண்டும். அவர்களைத் தம் அனுபவத்தைச் சொல்லும்படி வற்புறுத்தக்கூடாது. அவர்களாகவே சொன்னால், அதை உடனே ஒரு வாதத்துக்குச் சான்றாக்கவும் கூடாது. எதிர்க்கருத்தை அதை நம்புகிறவர் ஒப்புக்கொள்ளும் விதத்தில் எடுத்துச் சொன்னபிறகே மறுப்பைத் தொடங்கலாம் என்ற நிபந்தனையை வைத்தால், குரல்கள் உயர்வது பெருமளவு குறையும். ஒரே மாலையில் நான்கு கேள்விகளையும் முடிக்க முயலவேண்டாம். ரோமர் 12, 13க்கே ஒரு மாலை முழுவதும் தேவைப்படும்.

எழுதிய தாளை உங்களுடன் உடன்படாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்து, அவர் எழுப்பும் மறுப்பை அதன் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தைக்குப் பெற்றோராகும்போதும், காவல் பணிக்கோ படைக்கோ விண்ணப்பிக்கும்போதும், நாடு போரை நோக்கி நகரும்போதும் அதை மறுபடியும் எடுத்து வாசிக்கவேண்டும். ஏதேனும் ஒரு கேள்விக்கு இன்னும் பதில் எட்டவில்லை என்றால், அங்கே பொய்யான உறுதியோடு எதையும் எழுதாமல், எந்த வசனம் அல்லது எந்தச் சூழ்நிலை தடையாக நிற்கிறது என்பதை மட்டும் எழுதித் தேதியிட்டு வைத்துவிட்டு, அடுத்த வாசிப்பை அங்கிருந்தே தொடங்குங்கள்.